அப்பத்தாவின் குதிரைக்காரர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. முதல் படத்தில் உன் கட்டைவிரல்தான் பெரிதாகத் தெரிகிறது. இரண்டாவதில் பாதிக் காசு. மூன்றாவது பரவாயில்லை. “மாமா, இது ரோமானியத் தங்கக் காசு, சந்தேகமே இல்லை. எவ்வளவு போகும்?” என்று கேட்டிருக்கிறாய். கேள்வி கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதி, தீர்ப்பின் மை காய்வதற்குள் விலையும் பேச ஆரம்பித்துவிட்டாய். உங்கள் டீ ஃபேக்டரியில் கொழுந்து மூட்டையைத் தராசில் வைக்காமல் பில் போட விடுவாயா? காசு என்றதும் ஏன் இந்தப் பறப்பு?

அப்பத்தாவை முதலில் சமாதானப்படுத்து. அவர் சுருக்குப்பையில் இத்தனை வருஷம் முடிந்து வைத்திருந்தது பார்வைக்கு நல்ல தங்கமாகத்தான் தெரிகிறது. ரோமானியம் மட்டும் இல்லை.

கோபப்படாதே. உன் ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எழுத்து லத்தீன் என்றாய், சரி. பெயரில் ‘யூ’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கிறது, ரோமானியர்கள்தான் அப்படி வெட்டுவார்கள் என்றாய், அதுவும் சரி. எங்கே படித்தாயோ, நன்றாகவே படித்திருக்கிறாய். ஆனால் எழுத்தெழுத்தாகப் பார்த்தாயே தவிர வாய்விட்டுப் படிக்கவில்லை. படி: ஜார்ஜிவஸ். பக்கத்தில் இன்னொரு ‘வி’ தனியாக நிற்கிறது, அது ஐந்து. ஐந்தாம் ஜார்ஜ், மாப்பிள்ளை! நம் தாத்தாக்களின் பள்ளிக்கூடச் சுவரில் தாடியோடு தொங்கிக்கொண்டிருந்தாரே, அவரேதான். விளிம்பைச் சுற்றி ஓடுகிற எழுத்துகளின் கடைசித் துண்டைப் பார். ‘இண்ட் இம்ப்’ என்று சுருக்கி வெட்டியிருக்கும். இந்தியாவின் பேரரசர் என்று பொருள். உன் கையில் இருப்பது இங்கிலாந்து சவரன்.

“தலையில் கிரீடம் இல்லையே மாமா, அரசன் என்றால் கிரீடம் இருக்காதா? ரோமானிய மன்னர்கள்தானே வெறுந்தலையோடு பக்கவாட்டில் பார்ப்பார்கள்?” என்பாய். அந்தப் பழக்கத்தை ஐரோப்பிய அரசர்கள் ரோமானியர்களிடமிருந்து கற்றுக்கொண்டதால்தான் உனக்கு இந்தக் குழப்பமே வந்தது. ஒன்றை மட்டும் கவனித்திருக்கலாம், அந்தத் தாடியை. முழுத் தாடியோடு காசில் வந்த முதல் ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன், கி.பி. 117இல் பட்டத்துக்கு வந்தவர். நம் பக்கம் பானை பானையாகக் கிடைத்த காசுகளில் பெரும்பாலானவை அதற்கு முந்திய நூறு, நூற்றைம்பது வருஷத்தவை. அகஸ்டஸ், டைபீரியஸ் எல்லாம் மழமழவென்று சவரம் செய்த முகங்கள்.

அடுத்து, பின்பக்கத்துக் குதிரைக்காரர். தலைக்கவசம், பறக்கும் மேலாடை, கையில் குறுவாள், மற்றபடி உடம்பில் துணி கிடையாது, காலடியில் புரளும் ஒரு பூதப் பாம்பு. பார்த்ததும் நீ ரோமானிய வீரன் என்று முடிவு கட்டியதில் தப்பில்லை. அவர் புனித ஜார்ஜ். அந்த உருவத்தை வெட்டியவர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி. மணிக்கல்லில் உருவம் செதுக்கும் தொழிலாளி, பிறந்த ஊர் ரோமாபுரியேதான். பிழைக்க லண்டன் போனவர். 1817இல் புதிய சவரன் வந்தபோது இந்தப் படத்தைப் போட்டார். எனவே, ரோமாபுரிக்காரன் கை பட்ட காசு என்ற அளவில் உனக்குப் பாதி மார்க் போடலாம்.

மீதிப் பாதியை ஏன் வெட்டுகிறேன் என்றால், பூதத்துக்குக் கீழே 1918 என்று ஆண்டு போட்டிருக்கிறது. மூன்றாவது படத்தில் எனக்கே தெரிகிறது, காசைக் கையில் வைத்திருக்கிற உனக்குத் தெரியவில்லையா? ரோமானியர்கள் இந்த எண்களை அறியமாட்டார்கள். அவர்கள் காசில் காலத்தைச் சொல்லும் விதமே வேறு: மன்னர் இன்ன பதவியில் இத்தனையாவது முறை இருக்கிறார் என்று ‘டிஆர் பி’ போன்ற சுருக்கெழுத்தும் பக்கத்தில் கோடு கோடாக எண்ணும் இருக்கும். ஆண்டுக்கு மேலே, தரையில் சின்னதாக ‘ஐ’ என்று ஓர் எழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார். இருந்தால் அது பம்பாயில் அடித்தது. முதல் உலகப் போர் நேரத்தில் பம்பாயில் சவரன் அச்சடித்தார்கள், அந்த ஒரே ஒரு வருஷம்தான். உன் ரோமாபுரி அரபிக்கடல் ஓரத்தில் இருக்கிறது, மாப்பிள்ளை.

ஓரத்தைத் தடவியும் பார்த்திருக்கலாம். உன் காசின் விளிம்பில் மணிமணியாக வரி ஓடுகிறது, அது இயந்திர வேலை. ரோமானியக் காசு ஒவ்வொன்றும் சுத்தியல் அடி வாங்கிப் பிறந்தது. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் சூடாக்கிய தங்கத் துண்டு. ஒரு போடு. வட்டம் கொஞ்சம் கோணும், முகம் ஒரு பக்கமாக ஒதுங்கும், எழுத்தில் பாதி விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடும். விளிம்பு வழவழவென்றே இருக்கும். யாராவது உனக்கு அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் பத்து ‘ரோமானியக் காசு’ காட்டினால், ஒன்றைக்கூடத் தொடாமல் வந்துவிடு.

இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் நீ போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: “ரோமானியர்களாவது, நம்ம மலைப்பக்கம் வருவதாவது என்று அப்பா சிரிக்கிறார்.” மச்சானின் அந்தச் சிரிப்பை நான் விடமாட்டேன்.

பனி விலகிய ஒரு காலையில் குன்னூர் லாம்ப்ஸ் ராக் போய் நின்று கீழே பார்க்கச் சொல் அவரை. தேயிலை முடிந்து காடு தொடங்கி, காடும் முடிந்து, கோயம்புத்தூர்ச் சமவெளி விரிந்து கிடக்கும். தெற்கே அந்தச் சமவெளி மலைத்தொடரை உடைத்துக்கொண்டு மேற்கே போகிற இடம் பாலக்காட்டுக் கணவாய். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்கும் காசும் அந்த வாசல் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் நுழைந்து வெள்ளலூர், சூலூர், கொடுமணல், கரூர் என்று கிழக்கே போயின. இன்றைக்கு வெள்ளலூர் என்றால் கோவைக்காரர்களுக்குக் குப்பைக் கிடங்குதான் ஞாபகம் வரும். அதே வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலாக 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பிறகு 1891இல் ஒரு தடவை, 1931இல் ஒரு தடவை. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் தோண்டினார்கள், கொடுமணலில் அதை மணியாகப் பட்டை தீட்டினார்கள். ரோமாபுரிச் சீமாட்டிகள் அந்தக் கல்லுக்கு ஆலாய்ப் பறந்தார்கள். மிளகைச் சொல்லவே வேண்டாம். யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அங்கே ரோமாபுரியில் பிளினி என்ற பெரியவர் உட்கார்ந்துகொண்டு, வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்கே போகிறது என்று புலம்பி எழுதி வைத்தார். ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்பது ஐந்து லட்சம் தங்கக் காசுக்குச் சமம்.

உங்கள் மலைக்கு மேற்கே இறங்கினால் கண்ணூருக்குப் பக்கத்தில் கோட்டயம் என்று ஒரு ஊர். மீனச்சில் ஆற்றங்கரைக் கோட்டயம் இல்லை, இது வேறு, மலபார்க் கோட்டயம். 1847இல் அங்கே கிடைத்த ரோமானியத் தங்கத்தை அந்தக் காலத்துக்காரர்கள் எண்ணிச் சொல்லவில்லை, ஐந்து கூலிச் சுமை என்று சொன்னார்கள்! நேற்று அடித்தது போலப் பளபளத்த காசுகள். அதில் பெரும்பகுதி கை மாறி, உருகி, யார் யார் கழுத்திலோ வேறு உருவத்தில் ஏறிவிட்டது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது நீ அடுத்த கேள்வியை எடுப்பாய், எனக்குத் தெரியும். அப்படிக் கிடைத்த காசு எப்படி இருக்கும், பவுன் கணக்கில் எத்தனை வரும்? எடையில்தான் உனக்கு ருசி. சரி, எடையிலிருந்தே வருகிறேன். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்துக்கு நாற்பது காசு அடித்தார்கள். ஒன்று எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட உன் அப்பத்தா காசின் எடையேதான். ஆனால் சவரனில் செம்பு கலந்திருக்கும், இதில் கலப்பு என்று சொல்ல ஏதுமில்லை. கி.பி. 64இல் நீரோ மன்னன் கையை வைத்தான். அதே ராத்தலுக்கு நாற்பத்தைந்து காசு. எடை 7.3 கிராம் அளவுக்கு இறங்கிற்று. வேடிக்கை என்னவென்றால், சவரனில் செம்பை நீக்கிவிட்டுச் சுத்தத் தங்கத்தை மட்டும் நிறுத்தால் வருவதும் 7.32 கிராம். தற்செயல்தான், ஆனால் நகைக்கடையில் யாரிடமாவது சொல்லிப் பார், ஆச்சரியப்படுவார்கள். அன்றைக்கு ஒரு ரோமானியச் சிப்பாயின் ஒரு வருஷச் சம்பளம் ஒன்பது தங்கக் காசு.

எடைக் கணக்கு இவ்வளவு போதும். நீ படம் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். காசைக் கையில் எடுத்தவர்கள் செய்கிற பெரிய தப்பு, முன்பக்கத்தில் இருப்பது யார் என்று கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று வைத்துவிடுவது. அந்த முகம் உண்மையா என்று கேட்க மாட்டார்கள். அகஸ்டஸ் எழுபத்தைந்து வயதைத் தாண்டி இறந்தார். காசில் கடைசிவரை அவருக்கு முப்பது வயதுதான். ஒரு சுருக்கம் கிடையாது. அவருக்குப் பின் வந்த டைபீரியஸுக்குப் பட்டம் ஏறும்போதே ஐம்பத்துநான்கு வயது, காசில் கல்யாண மாப்பிள்ளை. நம் ஊர் கட்அவுட்டுகளைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீரோ விதிவிலக்கு. பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்த ஒல்லிப் பையனுக்கு வருஷம் போகப் போகக் கழுத்து தடிக்கிறது, தாடைக்குக் கீழே சதை தொங்குகிறது. காசு வெட்டுகிறவனும் கூசாமல் வெட்டியிருக்கிறான், மன்னனும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான்.

அதே நீரோவின் அம்மா அக்ரிப்பினா கதையைக் காசு வழியே படிக்கலாம். கி.பி. 54இல் மகன் பட்டத்துக்கு வந்த கையோடு வந்த தங்கக் காசில் அம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்க்கிறார்கள், சரிக்குச் சரி. அடுத்த வருஷக் காசில் இருவர் முகமும் ஒரே திசையில், மகன் முன்னால், அம்மா அவன் தோளுக்குப் பின்னால். அப்புறம் அம்மாவையே காணோம். 59இல் மகனே ஆள் வைத்துக் கொன்றான். அரண்மனைக்குள் நடந்த இழுபறியை ரோமாபுரிக் கடைத்தெருவில் காசு மாற்றுகிறவன் விரல் நுனியில் தடவித் தெரிந்துகொண்டிருப்பான்.

பின்பக்கம் இன்னும் ருசியானது. நம் பக்கம் திரும்பத் திரும்பக் கிடைக்கிற படம் ஒன்று உண்டு. இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள், நடுவில் தரையில் ஊன்றிய இரண்டு கேடயங்கள், பின்னால் ஈட்டிகள், தலைக்கு மேலே ஒரு கரண்டியும் வளைந்த கோலும். கரண்டி சடங்குக்கு உரியது, கோல் குறி சொல்லும் பூசாரியுடையது. இளைஞர்கள் கேயஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள், அவரே தத்து எடுத்து வாரிசாக வளர்த்தவர்கள். எனக்குப் பின்னால் இவர்கள்தான் என்று ஊருக்கெல்லாம் சொல்ல அடித்த காசு. லூசியஸ் கி.பி. 2இல் போனான், கேயஸ் 4இல் போனான். காசு மட்டும் கடல் தாண்டி கொங்கு நாடு வரை வந்து நொய்யல் கரை மண்ணுக்குள் படுத்துக்கொண்டது. இங்கே அதை வாங்கியவருக்கு அந்தப் பையன்கள் யாரென்றே தெரியாது, செத்துப்போன சேதி மட்டும் எப்படித் தெரியும்?

இன்னொரு படம், நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் ஒரு கிளை. டைபீரியஸின் காசு. சமாதான தேவதை என்பார்கள், தேவதை வேஷத்தில் டைபீரியஸின் அம்மா லிவியா என்றும் சொல்வார்கள். இந்தக் காசின் வெள்ளித் தம்பியைத்தான் இயேசுநாதர் கையில் வாங்கி, இதில் இருப்பது யாருடைய உருவம் என்று கேட்டார் எனப் பலர் கருதுகிறார்கள். குன்னூர்க் கோயிலில் அந்தப் பிரசங்கத்தை எத்தனை முறை கேட்டிருப்பாய்! அந்தக் காசு பார்க்க எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது யோசித்தாயா?

கிளாடியஸ் மன்னனின் காசையும் சொல்லிவிடுகிறேன், இது உன் சவரனுக்குத் தூரத்துப் பங்காளி. கி.பி. 43இல் ரோமானியப் படை பிரிட்டனைப் பிடித்தது. அதைக் கொண்டாட வந்த தங்கக் காசின் பின்னால் ஒரு வெற்றி வளைவு, அதன் மேல் குதிரையில் மன்னர், வளைவின் நெற்றியில் ‘டி பிரிட்டன்’ என்ற எழுத்து. பிரிட்டன்காரர்களை வென்றதற்காக என்று பொருள். உன் அப்பத்தா காசிலோ அந்தப் பிரிட்டனின் ராஜா அதே லத்தீனில் இந்தியாவின் பேரரசர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். இரண்டிலும் குதிரை உண்டு. ஏறியிருப்பவர்தான் வேறு.

“அந்தப் படமெல்லாம் இங்கே யாருக்கு மாமா புரிந்திருக்கும்? தங்கம் என்றால் தங்கம், உரசிப் பார்த்து வாங்கியிருப்பார்கள்” என்று நீ அடுத்த வாதத்தை வைப்பாய். பாதி சரி. அதற்கு ஒரு கதையே இருக்கிறது. செங்கடலில் வரி வசூல் குத்தகை எடுத்த ஒருவரின் ஆள் காற்றில் அடித்துக்கொண்டு வரப்பட்டு இலங்கையில் கரை ஒதுங்கினான். அங்கேயே தங்கி ஆறு மாதத்தில் பாஷை கற்றுக்கொண்டு அரசனிடம் பேசினான். அவனிடம் இருந்த வெள்ளிக் காசுகளைப் பார்த்து அரசன் வியந்தானாம். எதைப் பார்த்து? முகம் வேறு வேறாக இருக்கிறது, வேறு வேறு மன்னர்கள் அடித்திருக்கிறார்கள், ஆனாலும் எடை எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதே, நாணயமான ஆட்கள்தான் என்று. அதன் பிறகுதான் கிளாடியஸிடம் தூது அனுப்பினான். எழுதி வைத்தது அதே பிளினி. ஆகவே அரசன் முகத்தையும் பார்த்திருக்கிறான், தராசையும் பார்த்திருக்கிறான்.

முகத்தைப் பார்த்தவர்கள் இங்கே சும்மா இருக்கவில்லை என்பதற்குப் புதுக்கோட்டைப் புதையலைப் போல் ஒரு சாட்சி கிடையாது. 1898இல், அப்போதைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில், கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. ஐம்பத்தைந்து சிப்பாய்களின் ஒரு வருஷச் சம்பளம் ஒரே இடத்தில்! அகஸ்டஸிலிருந்து வெஸ்பாசியன் வரை வரிசையாக மன்னர்கள். அவற்றில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அந்தக் காசுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் உளி வெட்டு வாங்கியவை. விளிம்பில் இல்லை, பின்பக்கத்துப் பெண்மேல் இல்லை. மன்னன் முகத்தில், கன்னத்தின் குறுக்கே, ஒரே வெட்டு.

ஏன் வெட்டினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் ஒரு முடிவு இல்லை. உள்ளே செம்பு வைத்து மேலே பொன் பூசியிருக்கிறதா என்று சோதித்தார்கள் என்பது ஒரு கட்சி. இது இனிமேல் காசாகச் செல்லாது, வெறும் தங்கம்தான் என்று அறிவிக்க வெட்டினார்கள் என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி. சோதிக்க வேண்டுமானால் ஓரத்தில் ஒரு கீறல் போதும், நம் ஆசாரிகளுக்கு உரைகல் போதும். முகத்தையே தேடிப் பிடித்து வெட்டினால் எடை ஒரு குன்றிமணிகூடக் குறையாது, மன்னனின் ஆணை மட்டும் செத்துப்போகும். ‘உன் பொன் வேண்டும், உன் அதிகாரம் வேண்டாம்’ என்று எவனோ ஒருவன் உட்கார்ந்து நானூற்றைம்பது தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆவேசத்தில் குத்திய காயமும் இல்லை அது. அளந்து வைத்த வெட்டு, சம்பளத்துக்கு வேலை செய்த கை.

உடனே அதை வைத்துக்கொண்டு, தமிழன் ரோமாபுரி மன்னனையே வெட்டினான் என்று வாட்ஸ்அப் குழுவில் முழங்காதே. அதே தமிழ் நாட்டில் அந்த முகத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள். காசில் துளை போட்டும் காது வைத்தும் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். அசல் கிடைக்காத இடத்தில் அதே மாதிரி செய்தும் பார்த்தார்கள், எழுத்துகள் வெறும் கோடும் வட்டமுமாக இருக்கும். எல்லாருக்கும் மேலே ஒரு சேரன் போனான். கரூரில் கிடைத்த வெள்ளிக் காசு ஒன்றில் பக்கவாட்டில் பார்க்கும் ஒரு மனிதத் தலை, அதன் மேல் தமிழி எழுத்தில் ‘மாக்கோதை’ என்ற பெயர். அதைப் படித்து உலகுக்குச் சொன்னவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. அதுவரை நம் அரசர்கள் காசில் யானையும் வில்லும் கயலும் புலியும் போட்டார்களே தவிரத் தங்கள் மூஞ்சியைப் போட்டதில்லை. ரோமானிய வெள்ளிக் காசு கை நிறையப் புழங்கிய கரூரில் ஒருவனுக்கு, ‘டைபீரியஸுக்கு மட்டும்தான் முகம் இருக்கிறதா?’ என்று தோன்றியிருக்கிறது. புதுக்கோட்டையில் வெட்டியவனைவிட இந்த மாக்கோதையை எனக்கு அதிகம் பிடிக்கும்.

இனி உன்னைத் திட்ட வேண்டிய இடம். “எஸ்டேட்டுக்கு மேலே பழைய கல்வட்டம் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பசங்களோடு போய்த் தோண்டிப் பார்க்கலாமா?” என்று கடைசியில் குட்டியாக ஒரு வரி சேர்த்திருக்கிறாயே, அது என் கண்ணில் படாது என்று நினைத்தாயா? தோண்டக் கூடாது. மலைமேல் அந்தக் காலத்தில் பொன் இருந்தது உண்மை. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ், ஊட்டியில் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் இருக்கிறதே அவர்தான், இந்தக் கல்வட்டங்களைத் திறந்து பார்த்தார். பொன் நகை, வெண்கலக் கிண்ணம், இரும்பு ஆயுதம், மூடியில் எருமையும் பறவையும் உட்கார்ந்திருக்கும் மண் கலயம் எல்லாம் வந்தன. அவர் எழுதிய புத்தகம் 1873இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அதற்குப் பிறகு புத்தகம் எழுதாமல் தோண்டியவர்கள் ஏராளம். எந்தப் பொருள் எந்த எலும்புக்குப் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்ற சேதி அவர்கள் மண்வெட்டியோடு போய்விட்டது. தேவாலா, பந்தலூர்ப் பக்கம் 1880 வாக்கில் தங்கச் சுரங்கப் பைத்தியம் பிடித்து லண்டன்காரர்கள் பணத்தைக் கொட்டி நொடித்த கதையும் உனக்குத் தெரியும். உன் பசங்களுக்கும் அதைச் சொல்லு.

சரி, நீ தோண்டாமலே, கவாத்துக்குப் போன இடத்திலோ மழையில் மண் சரிந்த இடத்திலோ ஒரு காசு தானாகத் தலைகாட்டினால்? அப்போதும் புளியும் போடாதே, எலுமிச்சையும் தேய்க்காதே, பல்பொடி பக்கமே போகாதே. மண்ணோடு இருக்கும் காசுதான் ஆராய்கிறவருக்குக் காசு. ஆசாரியிடம் காட்டினால் உருக்கத்தான் சொல்வார், அவர் தொழில் அது. ‘பழைய காசு வாங்குகிறேன்’ என்று வீடு தேடி வருகிறவரிடம் வாயே திறக்காதே. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் செல்லும். மண்ணிலிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் உன் பங்கும் போகும், ஜெயிலும் உண்டு. உனக்கு என்ன, ஊட்டிக்கு பஸ் ஏறினால் கலெக்டர் ஆபீஸ். நூறு வருஷம் தாண்டிய காசை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். துபாயில் இருக்கும் உன் சிநேகிதனிடம் விலை கேட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அவனிடம் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்.

உன் 1918 சவரனும் நூறைத் தாண்டிவிட்டது என்பதை இந்த இடத்தில் கண்டுபிடித்துவிட்டு நீ முழிப்பாய். முழிக்காதே. அது மண்ணுக்குள்ளிருந்து வரவில்லை, அப்பத்தாவின் சுருக்குப்பையிலிருந்து வந்தது, வீட்டிலேயே இருக்கட்டும். விலை என்ன என்றுதானே ஆரம்பித்தாய்? எடைக்குத் தங்க விலை, அதற்கு மேலே கொஞ்சம். மேலே வளையம் பற்றவைத்த இடம் கறுத்திருப்பதைப் பார்த்தால் சேகரிப்பவர்கள் அந்தக் ‘கொஞ்ச’த்தையும் குறைப்பார்கள். ஒரு காலத்தில் அப்பத்தா கழுத்தில் கிடந்ததற்கு அவர்களிடம் விலை கிடையாது. விற்காதே என்று சொல்ல நான் யார், அது அவர் பொருள், அவரைக் கேள்.

அசலைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் அடுத்த முறை சென்னைக்கு வரும்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போ. நம் ஊர்ப் பக்கம் கிடைத்த ரோமானியக் காசுகள் அங்கே இருக்கின்றன, பிரீக்ஸ் எடுத்த நீலகிரிக் கலய மூடிகளும் அங்கேதான். மூடிமேல் உட்கார்ந்திருக்கும் எருமைகளை விட்டுவிடாதே, எனக்கு அந்தப் பொன்னைவிட அவை ஒசத்தி. மச்சானையும் கூட்டிக்கொண்டு போ. கண்ணாடிப் பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றினால் காவலர் சத்தம் போடுவார். வெள்ளிக்கிழமை மட்டும் போய் நிற்காதே, அன்று விடுமுறை.

அன்புடன்,
உன் மாமன்,
கோயம்புத்தூர்.